சோளகம் அடிக்காத பக்கத்து வேலி

எங்கள் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களுக்குக் கடல் பக்கம் மட்டும்தான் வேலி. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மணலை வாரிவந்து கன்றுகளை மூடாதிருக்கத் தென்னோலைக் கிடுகு கட்டுவோம். சோளகம் அடிக்காத, உப்பங்கழியான களப்புப் பக்கம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கத்திலும் வாப்பா கிடுகு கட்டத் தொடங்கியது ஒரு பத்திரிகைச் செய்தியால்தான்.

மிளகாய்க்கு நடுவே வாப்பா கொஞ்சம் கஞ்சாச் செடி வைத்திருந்தார். ஒரே கிணற்றில் இறைக்கும் அயல் தோட்டக்காரர் இருவருக்கும் அது தெரியும், அவர்களும் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அந்தப் படிப்புக்குக் காசு தந்தது எந்தச் செடி என்பதும் எனக்குத் தெரியும்.

மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க அனுமதி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும், கிணற்றடியில் வைத்துப் பத்திரிகைச் செய்தியை நான்தான் மூவருக்கும் வாசித்தேன். அனுமதி பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும். சுற்றிவர வேலி, காவல் வேண்டும். விளைவதெல்லாம் வெளிநாட்டுக்கு. மற்றவர்களுக்குப் பழைய சட்டமே.

"நல்லம்தானே," என்றார் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அயல் தோட்டத்துச் சாச்சா. "நாங்க செஞ்சா களவு. கோட் போட்டவன் செஞ்சா அபிவிருத்தி."

"சட்டம் வந்தா எங்கட கதை முடிஞ்சிது. இப்பிடியே கிடக்கட்டும்," என்றார் மற்றத் தோட்டக்கார ஹாஜியார்.

"ஏன் முடியும்?" என்றார் சாச்சா. "விவசாயக் கந்தோர் ஆக்கள் வந்து செடியப் பாக்கட்டும். சங்கம் மாதிரி ஒண்டு விளைச்சல வாங்கட்டும். பொலிஸ் வராட்டிப் போதும்."

"அப்ப ஹராம் ஹலாலாகிருமோ?"

"போன கிழமை வித்த நேரம் இந்தக் கேள்வி வரல்லியா, ஹாஜியார்?"

வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வேலி வேணுமெண்டுதானே போட்டிருக்கு, மகள்?"

"ஓம் வாப்பா. ஆனா அது கம்பெனிக்கு."

"முதல்ல வேலி அடைச்சவனுக்குத்தான் குடுப்பாங்க."

அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் அரச காணியில் முதலில் வேலி அடைத்து நட்டவருக்குத்தான் பின்னால் பேமிட் என்ற உரிமப் பத்திரம் கிடைத்தது. எங்கள் தோட்டமும் அப்படி வந்ததே.

நான்கு பக்கமும் கிடுகு எழுந்த பிறகு, ஒரு காலையில் சாச்சா ஓடிவந்தார்; வாப்பாவை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பார். "நானா, பொலிஸ் மோட்டார்சைக்கிள் வேலியடியில நிண்டு பாத்திட்டுப் போகுது."

வாப்பா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பிள்ள. சின்ன ஆக்களுக்கும் அனுமதி குடுங்கண்டு மேலிடத்துக்கு எழுது. மூணு பேரும் ஒப்பம் வைக்கிறம்."

"எழுதினா அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி, வாப்பா. இப்பவே புடுங்குங்க."

அவர் மிளகாய்க்கு நடுவே இறங்கினார். கஞ்சாச் செடிகளைத் தானே பிடுங்கினார். சாச்சா மணலைத் தோண்டிப் புதைத்தார்.

பின்னேரம் பொலிசார் வந்தார்கள். உள்ளே மிளகாய் மட்டும் நின்றது. களப்புப் பக்கம் எதற்கு வேலி என்று சிங்களத்தில் கேட்டார்கள். வாப்பாவுக்கும் சிங்களம் தெரியும். ஆனாலும் அவர் என்னைத்தான் முன்னால் விட்டார். ஆடு வருகிறது என்று நல்ல சிங்களத்தில் நான் சொன்னேன். என் பேச்சை மெச்சிவிட்டுப் போனார்கள்.

"கம்பெனிக்காரன்ட வேலியப் பாத்து எவனாவது இப்பிடிக் கேப்பானா?" என்றார் வாப்பா.

 நான் களப்புப் பக்கக் கிடுகை அவிழ்க்கப் போனேன். "கிடக்கட்டும். முதல்ல அடைச்சது நாங்கதான்," என்று அவர் விடவில்லை.