ஆறாம் பாகம் வந்துச்சா?

எழுதி முடிக்காத எழுத்தாளரைத் திட்டுவதில் ஒரு காலத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒன்பது வருஷம் திட்டினேன். போனில், நூலக வாசலில், தறியில் உட்கார்ந்துகொண்டே, பஸ்ஸில் நின்றுகொண்டே. இப்போது யாராவது அவரைத் திட்டினால் எழுந்து போய்விடுகிறேன். கேட்க முடியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தறி, குழிக்குள் காலை விட்டு உட்காரும் குழித்தறி. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார்கள். தறியில் உட்கார்ந்தது நாங்கள் இரண்டு மருமகள்கள்தான். மூத்தவளை நான் அக்கா என்பேன். கூடப் பிறந்தவள் இல்லை, ஓர்ப்படி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். அக்கா நடுவில் உட்கார்ந்து நெய்வாள். நான் வலது பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவேன். என் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தண்ணீர்க் குடத்துக்காகச் சண்டை போட்டோம். யார் குடம், யார் நசுக்கியது என்பதெல்லாம் இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் பேசவில்லை. பேசாமலே முழங்கை இடித்துக்கொண்டு எத்தனையோ புடவை நெய்தோம். நாடா சிக்கினால்கூட இருமித்தான் காட்டுவாள். அவ்வளவு வீம்பு இரண்டு பேருக்கும்.

அப்போதுதான் நூலகத்திலிருந்து அந்த நாவலின் முதல் பாகத்தை எடுத்துவந்தேன். கதைக்காக எடுக்கவில்லை, தடிமனைப் பார்த்து எடுத்தேன். பேச ஆளில்லாத வீட்டில் ஒரு மாசமாவது தாங்கும் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டு படித்தேன். நான்காவது நாள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள்: “சத்தமாத்தான் படியேன். வாயில என்ன கொழுக்கட்டையா?”

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சத்தமாகப் படித்தேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியும், ஆனால் மெல்லிசு இழையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் போயிருந்தது. புத்தகத்தைக் கிட்டே கொண்டுபோனால் தலைவலி வரும். அதனால் கடைசிவரை படித்தது நான், கேட்டது அவள்.

கதை இதுதான். ஒரு ராஜ்யத்தில் ஆறுகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. உப்பு அரண்மனையில் முக்காடு போட்டு இருக்கிற ராணிதான் தண்ணீரை அடைத்துவைத்தாள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு படகுக்காரி, ஓடாத ஆற்றில் கிடந்த தன் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு, ராணியை நேரில் கேட்கப் புறப்படுகிறாள். வழியெல்லாம் பூதம், பேசும் மணல், பொய் சொன்னால் கல்லாகிவிடும் ஒரு நகரம். தண்ணீர் ஓடாத பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? படகைத் தூக்கிக்கொண்டு அவள் மணலில் நடக்கிற இடம் வந்தபோது அக்கா நெய்வதை நிறுத்திவிட்டு, “இவ வாலாஜாபாத்துக்காரியாத்தான் இருப்பா” என்றாள். அன்றைக்குச் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது.

வாலாஜாபாத்துக்காரர் ஒருவரும் எங்களுக்குக் கிடைத்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நூலகத்தில் மூன்றாம் பாகத்துக்காக எனக்கும் அவருக்கும் அடிதடியே ஆகியிருக்கும். கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று பேசிக்கொண்டோம். புத்தகம் கொடுக்க வரும்போதெல்லாம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அக்காவோடு வாதம் செய்வார். ராணி எப்போதோ செத்துவிட்டாள், முக்காட்டுக்குள் வேறு யாரோ என்பது அவர் கட்சி.

“ராணி செத்துட்டா, தினம் அரண்மனை மாடத்துல எரியற விளக்கை யாருங்க ஏத்தறது? உங்க டிப்போ மேனேஜரா?” என்பாள் அக்கா. மனுஷன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஐந்தாம் பாகம் கடைசிப் பக்கத்தில் படகுக்காரி உப்பு அரண்மனை வாசலில் படகை இறக்கிவைக்கிறாள். கதவைத் தட்டக் கையை ஓங்குகிறாள். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. ஏழு பாகம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். ஆறாம் பாகம் அடுத்த வருஷம் என்றார் எழுத்தாளர். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். ஒன்பது வருஷம் படகுக்காரி ஓங்கிய கையோடு நின்றாள்.

என் போனில் வாசகர்கள் குழு ஒன்று இருந்தது. எழுத்தாளர் தன் வீட்டு மாமரத்தைப் படம் பிடித்துப் போடுவார். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “மாமரத்துக்குத் தண்ணி ஊத்த நேரம் இருக்குது, எங்க கதையை எழுத நேரம் இல்லையா? காக்க வச்சே சாவடிக்கிற பாவம் சும்மா விடாது” என்று எழுதினேன். எத்தனை பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள்! அக்காவுக்குப் படித்துக் காட்டினால், “உடுடி, பாவம், அந்தாளுக்கே கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு தெரியல போல” என்பாள். ஆனால் தினமும் காலையில் தறியில் இறங்கும்போது கேட்க மட்டும் மறக்க மாட்டாள்: “வந்துச்சாடி?”

“இல்லக்கா.”

அது எங்களுக்குக் குட் மார்னிங் மாதிரி.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது போன வருஷம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த முதல் நாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆறாம் பாகம் கேக்காம நான் போவ மாட்டேண்டி. அந்தாளு எழுதற லட்சணத்துக்கு எனக்கு நூறு வயசு.”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வார்த்தை என் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

பத்து மாசம் மருந்து, ஊசி, வாந்தி. பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இனிமே வீட்ல வச்சே பாத்துக்குங்கம்மா” என்றார். கட்டிலை முன்னறையில், தறிக்குப் பக்கத்திலேயே போட்டோம். அங்கேதான் இருப்பேன் என்றாள். நான் ஒற்றை ஆளாகக் கோர்வை இல்லாத சாதாப் புடவை நெய்தேன். அவள் படுத்துக்கொண்டே, “அடி விழல, இழுத்து அடி” என்று திருத்திக்கொண்டிருப்பாள்.

அந்த நேரத்தில் ஒருநாள் காலையில் குழுவில் படம் வந்தது. ஆறாம் பாகம். மூடிய கதவு போட்ட அட்டை. அடுப்பை அணைத்தேன். மருந்து வாங்கப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் புத்தகக் கடைக்கு ஓடினேன். வாங்கியும் விட்டேன். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் வாசலிலேயே கத்தியிருப்பேன், சத்தியமாக. ஆனால் அன்றைக்குப் பெருமாள் வீதியுலா. பஸ், ஆட்டோ எல்லாம் நின்றுவிட்டன. கோயில் மதிலோரம் புத்தகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். அங்கேதான் புத்தி கெட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நீளவாக்கு நூலான பாவு தீர்ந்து கடைசிப் புடவையை அறுக்கும்போது நூலை அடியோடு எடுத்துவிட மாட்டோம். ஒரு முழம் பழைய பாவைத் தறியிலேயே விட்டுவைப்போம். புதுப் பாவு வந்ததும் பிணைக்கிறவர் வந்து உட்கார்ந்து, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார். நுனி இல்லையென்றால் அத்தனை இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதோடு, காலித் தறி வீட்டுக்கு ஆகாது என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம். அக்கா இதில் ரொம்பக் கறார். கத்திரியை எடுத்தாலே, “நுனியை உடு, நுனியை உடு” என்று கத்துவாள்.

மதிலோரம் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஆறாம் பாகம் கேட்காமல் போக மாட்டேன் என்றாளே. கேட்டுவிட்டால்? நானே நுனியை அறுத்துவிடுகிற மாதிரி ஆகாதா? கேட்காத வரைக்கும் இருப்பாள். ஏழாம் பாகம் என்று ஒன்று பாக்கி இருக்கிறதே, அதற்கும் காத்திருப்பாளே என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அவள் வாயால் சொன்னது ஆறு. ஆறைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சத்தம் போடாமல் தறிக்குழியில் இறங்கி, கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி புத்தகத்தை வைத்தேன். அந்தக் குழியில் என்னைத் தவிர யாரும் இறங்க மாட்டார்கள். குழுவுக்கும் எதுவும் எழுதவில்லை. யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்று அதைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் தறியில் இறங்கியதும் கேட்டாள்: “வந்துச்சாடி?”

“இல்லக்கா.”

“சரி.”

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். புத்தகத்தின் மூலை என் கணுக்காலில் இடித்துக்கொண்டிருக்கும், நான் இல்லை என்பேன். முதல் மூன்று வாரம் அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. மத்தியானங்களில் பழைய பாகங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பொய் சொன்னால் கல்லாகிவிடும் நகரம் வந்தபோது நான் அந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் படித்தேன். அக்கா அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாகம் பாகமாக மனப்பாடம் வைத்திருந்தவள், ஒரு அத்தியாயம் போனது தெரியாமலா இருந்திருப்பாள்?

பிறகு மழை பிடித்தது. அவள் பேச்சு குறைந்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. வாய் அசைந்தாலே புரிந்துவிடும், என்ன கேட்கிறாள் என்று. கடைசி நாள் காலையில் நானே முந்திக்கொண்டு, “அடுத்த மாசம் வந்துடுமாம்க்கா” என்றேன்.

“அடுத்த மாசமா?” என்றாள். பிறகு தறிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் போய்விட்டாள்.

காரியம் முடிந்த இரண்டாம் நாள் கண்டக்டர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கடைசியில ஆறாம் பாகத்தைக் கேட்டுட்டுத்தானேம்மா போச்சு? ராணி விஷயத்துல யாரு ஜெயிச்சதுன்னு அதுக்கிட்ட பேசித் தீத்துக்கணும்னு இருந்தேன்” என்றார்.

“இல்லண்ணா. வந்ததையே நான் சொல்லல.”

“நீ சொல்லலியா? வந்த அன்னிக்கே நான் போன் பண்ணிச் சொன்னேனேம்மா, அதோட பட்டன் போனுக்கு. நீ கடைக்குப் போயிருந்தே.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார்.

“நாலு நாள் கழிச்சு மறுபடி பண்ணேன். படிச்சு முடிச்சிட்டேன்மா, கதையைச் சொல்லட்டான்னேன். ‘வாயை மூடுங்க. புஸ்தகம் வீட்லதான் இருக்குது. அன்னிக்கே வாங்கிக்கினு வந்து, நான் தூங்கறேன்னு நெனச்சு தறிக்குழியில வச்சிட்டா. அவ படிச்சுக் காட்டுவா, கேட்டுக்கறேன்’னுச்சு. நீயே கேட்டு வாங்கேன்னேன். ‘வேணாங்க. நான் போயிடுவேன்னு பயந்துக்கினு இருக்கா. தானா எடுப்பா. தினம் கேட்டுக்கினுதான் இருக்கேன்’னுச்சு.”

அவர் போனது எப்போது, என்ன சொல்லி அனுப்பினேன், எதுவும் நினைவில்லை. தினமும் காலையில் அவள் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் விடாமல், ஆறு வாரம். எழுத்தாளரிடம் கொடுப்பதற்குப் புத்தகம் இல்லை. என் காலடியில் இருந்தது. காக்க வச்சே சாவடிக்கிற பாவம் என்று அவருக்கு எழுதினேனே, பாவி, அதை நான்தான் செய்தேன்.

தறிக்குழியில் இறங்கினேன். மழைக்குக் குழியில் நீர் கசிந்திருந்தது. பைக்குள்ளும் புகுந்து, புத்தகம் அடிப்பக்கம் ஊதிப்போய், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. துடைத்து எடுத்து, வழக்கமாக உட்காரும் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். “வந்துடுச்சுக்கா” என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். முதல் பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படிக்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுநாளும் முயன்றேன், வரவில்லை. மனசுக்குள் படிக்கலாம்தான், ஆனால் அந்தக் கதையை நான் ஒருநாளும் எனக்குள் படித்ததில்லை.

குழுவில் இப்போது ஏழாம் பாகத்துக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம். படகுக்காரி கதவைத் தட்டினாளா, யார் திறந்தார்கள், எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.