செல்லியம்மனுக்கு அரைத்த மஞ்சள்

ரெங்கம்மாளின் பாட்டனுக்குப் பாட்டன் புல் அறுக்கையில் அரிவாள் ஒரு கல்லில் பட்டு, கல்லிலிருந்து ரத்தம் கசிந்ததாம். வேப்பந்தட்டைப் பக்கத்து அந்த ஊரில், கூரையில்லாத கோயிலின் செல்லியம்மன் அந்தக் கல்தான். காயம் ஆற, ஆடி வெள்ளிதோறும் மஞ்சள் அரைத்துக் கொடுப்பது கூலி வேலை செய்யும் அவள் குடும்பத்து முறை. கொடுக்கலாம், உள்ளே போகக் கூடாது! மதிலுக்கு வெளியே வைக்கும் கிண்ணத்தைப் பூசாரி எடுத்துப் போவார்.

1947இல், எல்லாரும் கோயிலுக்குள் போகலாமென்று சட்டம் வந்தது. அந்த ஆடியின் இரண்டாம் வெள்ளியன்று ரெங்கம்மாள் கிண்ணத்தோடு வாசலுக்கே போனாள். நிலக்காரர்கள் தடியோடு நின்றார்கள். போலீஸ்காரர் ஒருவரும் நின்றதால் தடிகள் உயரவில்லை.

"உள்ள வந்துடாத புள்ள," என்று கெஞ்சினார் பூசாரி.

"என் கையால பூசிட்டுப் போயிடறேங்க."

கிண்ணத்தோடு உள்ளே நடந்தாள். கல்லில் வெட்டுத் தழும்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் மஞ்சள் பட்ட சுவடே இல்லை.

பூசாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் அவரையும் மீறி மதிலோர அரளிச் செடிக்குப் போனது.

அதன் அடியில், போன வெள்ளி அவள் அரைத்த மஞ்சள் காய்ந்து கிடந்தது.