டீ கொடுக்காத வீடு

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் வஜீதா வாசற்படியைக் கழுவிவிடுவார். பெரிய கதவில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு மாடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். மதியம் பாங்கு சொன்னதும் இறங்கி வந்து கதவைச் சாத்துவார். பல வருடங்களாக இப்படித்தான். யாரும் வந்ததில்லை.

வரவேண்டியவர்கள், வாணியம்பாடியின் பழைய தோல் வியாபாரிகள் கட்டிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள். கல்லூரி கிளார்க் சுந்தர்ராஜ்தான் தொண்ணூற்றொன்பதில் அதை ஆரம்பித்தார். ஹெரிடேஜ் வாக் என்று பேர். தெருமுனையில் சர்தார் பாஷா வீட்டில் தொடங்கி, கடைசியாக வஜீதா வீட்டில் முடியும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. வீடு தேடி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சர்தார் பாஷா வீட்டில் சமோசாவும் டீயும். அடுத்த வீட்டில் மக்கன்பேடாவும் டீயும். மூன்றாவது வீட்டில் கீர். கீர் குடித்து முடிப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும். நான்காவது வீட்டை எந்தக் கூட்டமும் பார்த்ததில்லை. வஜீதாவுடையது ஏழாவது.

கணவர் ரஷீத் அஹமது இறந்த பிறகு, மகன் சத்தார் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஆறில், ரம்ஜான் முடிந்ததும் கையெழுத்து என்று பேசியும் வந்துவிட்டான்.

"பழைய வீடு பாக்கறதுக்குன்னே வர்றவங்க கூட நம்ம வீட்ட எட்டிப் பாக்கல. நீ இன்னாத்துக்கும்மா புடிச்சிட்டு இருக்கே? ஒருத்தராவது வந்து பாக்கட்டும், இந்தப் பேச்சையே விட்டுர்றேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாட்டேன்." கவலையில்லாமல் சொன்னான். ஏழு வருடமாக யாரும் வராததை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

மறுநாள் வஜீதா கல்லூரிக்கே போய்விட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழம மொதல்ல எங்க வீட்டுக்கு வாங்க சார்."

"அங்கயே உக்காந்துருவோமேம்மா. அப்புறம் சர்தார் பாய் என்னைச் சும்மா வுடுவாரா?"

"உக்கார மாட்டீங்க. எங்க வீட்ல ஒண்ணும் தர மாட்டேன்."

சுந்தர்ராஜ் அவரை ஒரு முறை பார்த்தார். "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. கையில் கப் இல்லாததால் வீட்டைப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை. தூண்களைத் தடவினார்கள். ஒரு பெண்மணி கூரையின் மரவேலையைப் பார்க்கத் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். லுங்கியோடு எழுந்து வந்த சத்தாரிடம் ஒருவர், ஜன்னலில் இருக்கும் பச்சைக் கண்ணாடி எந்த ஊருடையது என்று கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் வஜீதா புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். அடுப்படியில் பால் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

சாயங்காலம் சர்தார் பாஷா வாசலில் வந்து நின்றார்.

"ரஷீத் வீட்ல பாலுக்கு வழியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? நான் குடுத்தனுப்பியிருப்பேனே."

"பால் இருந்துச்சு பாய்," என்றார் வஜீதா. "தரல."

இப்போது ஹெரிடேஜ் வாக் வஜீதா வீட்டில்தான் தொடங்குகிறது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வீடுகளை இன்னும் யாரும் பார்க்கவில்லை. சத்தார் ஃப்ளாட் பேச்சை எடுப்பதில்லை. பின்னறை மழைக்கு ஒழுகுகிறது. தெருவில் வஜீதாவுக்குக் கஞ்சம் என்று பேர்.