நாலு வீட்டுக் காரும் பத்து-நாற்பது ஒயிலும்

எஞ்சின் ஒயில் விற்கிறவனுக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது: எல்லாம் தெரியும் என்று வருகிறவர், எதையாவது தா என்று வருகிறவர். பலெர்மோவில், வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், காருக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆளாக வந்து நிற்பதையும் பார்த்துவிட்டேன்.

அதற்கு முன் இலங்கையில், ஊரில் துண்டுப்பிரசுரம் அடித்தேன். இங்கே வந்து, வீட்டு வேலை செய்யும் எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் நின்றேன். என் படிப்பும் அந்தப் பிரசுரங்கள்தான். நான் பேசியபோது கைதட்டியவர்கள் பலர். வீட்டுக்குப் போய்ச் சொன்னதைச் செய்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

பழைய கார் வைத்து அல்லல்படுகிற உங்களுக்கு இதை எழுதக் காரணம், எங்களுடைய கார். கால்சாப் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருக்கும் நாலு வீட்டார் சேர்ந்து வாங்கிய, இருபத்திரண்டு வயதுப் பெற்றோல் கார். யோசனை என்னுடையது. எங்கள் வீடு, மன்னார் மேரியின் வீடு, தீவுப்பக்கத்து யேசுதாசனின் வீடு, கீழ்த்தளத்து மொரிசியஸ்காரர் முத்துசாமியின் வீடு. என் மனைவி பிலோமினா, மேரி, யேசுதாசனின் மனைவி ஜெசிந்தா மூவருக்கும் நகரத்துக்கு வெளியே கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. அங்கே முதலாளிக்கு ஒரே சட்டம்: காலையில் மீன் வான் வந்து நிற்கும்போது இவர்கள் வாசலில் நிற்க வேண்டும். பஸ் வராமல் இரண்டு தரம் பிந்திவிட்டார்கள். மூன்றாம் தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆகவே அந்த எஞ்சினில்தான் மூன்று வீட்டு அடுப்பும் எரிகிறது.

தங்க நிறத்து டப்பா

எங்கள் கடை முதலாளி புதுக் கார்களுக்கான மெல்லிய ஒயிலைக் கூடுதலாக எடுத்து வைத்துவிட்டார். பளபளக்கும் தங்க நிற டப்பா. எந்தக் கார்க்காரர் வந்தாலும் அதையே கொடு என்று எனக்குக் கட்டளை. ஒரு நாள் என்னைவிட வயதான சிசிலிக்காரர் ஒருவர், தன்னைவிடக் கொஞ்சம்தான் இளையதாகத் தோன்றும் காரோடு வந்தார். நான் டப்பாவைத் தொடவில்லை. காரின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய காருக்கு ஒயில் தேர்ந்தெடுப்பதில் முதல் வேலை அதுதான்: கார் செய்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். எந்தத் தடிப்பு, எந்தத் தரம், எந்த வெயிலுக்கு எது என்று அங்கே அட்டவணையே இருக்கும். இருவரும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தோம். பத்து-நாற்பது. டப்பாவின் பின்புறத்திலுள்ள தர எழுத்துகளையும் ஒத்துப் பார்த்து, விலை குறைந்ததைக் கொடுத்தனுப்பினேன்.

விற்பனை என்பது வாங்குகிறவரின் அறியாமையில் கை வைப்பது என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிகரெட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சொன்னது இது:

"புரட்சியைக் கதவுக்கு வெளியே கட்டிவைத்துவிட்டு உள்ளே வா, அது என் வாடிக்கையாளர்களைக் கடிக்கிறது."

கனடா மச்சான்

எங்கள் சனத்துக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வியாதி உண்டு. பலெர்மோவில் ஓடும் காருக்கு ரொறன்ரோவிலிருந்து வைத்தியம் பார்ப்பது. யேசுதாசன் ஒரு நாள் கடைக்குள் வரும்போதே போனை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான். திரையில் தடித்த ஜக்கெற் போட்ட அவனுடைய மச்சான். பின்னால் பனி.

"அண்ணை, மச்சான் பூச்சியம்-இருபதாம் ஊத்தச் சொல்லுறார். அதுதான் இப்ப எல்லாரும் பாவிக்கிறதாம்."

"யேசு, அந்த முதல் எண் குளிரிலை ஒயில் எப்பிடி ஓடும் எண்டதுக்கு. அவருக்குப் பின்னாலை என்ன கிடக்கு எண்டு பார். உனக்குப் பின்னாலை என்ன கிடக்கு?"

அவனுக்குப் பின்னால் வெயிலில் எலுமிச்சை விற்கும் வண்டி நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடாமல் விளக்கினேன். இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டும். இருபத்திரண்டு வருடம் தேய்ந்த எஞ்சினுக்குள் இடைவெளிகள் அகன்றிருக்கும். மெல்லிய ஒயில் அவற்றுக்குள்ளால் நழுவிப் போய்ப் பெற்றோலோடு எரியும். புகை வரும், ஒயில் குறையும். அதுவும் இந்தக் கார், உன் மனைவி ஏறிப் போகிற கார் என்றேன். கால் மணித்தியாலம் பேசினேன். குவெஸ்தூரா வாசலில்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டேன். யேசுதாசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான் அங்கை மூண்டு கார் வைச்சிருக்கிறார் அண்ணை, நீங்கள் வேலைக்குப் பஸ்ஸிலைதானே போறியள்."

சிஞ்ஞோராவின் மிச்சம்

மேரி உணவகத்தில் வேலை முடிந்ததும் பின்னேரம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டைத் துப்புரவு செய்யப் போவாள். அந்தச் சிஞ்ஞோரா, தன் கணவரின் கராஜில் கிடந்த அரைப் போத்தில் ஒயிலைத் தூக்கி மேரியின் பையில் வைத்துவிட்டார். கணவருடையது புத்தம் புது டீசல் வண்டி. மேரி அதைக் கொண்டுவந்து எங்கள் பெற்றோல் காருக்குள் ஊற்றிவிட்டு, நல்ல காரியம் செய்தவளின் முகத்தோடு என்னிடம் வந்து சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஒரு காலத்தில் மிச்சச் சாப்பாடு, பிறகு பழைய உடுப்பு, இப்போது மிச்ச ஒயில். எங்களுடைய வயிறும் எங்களுடைய எஞ்சினும் இவர்களுக்கு ஒரே குப்பைத் தொட்டியா? அது அந்த எஞ்சினுக்காகச் செய்த ஒயில் அல்ல, கையேட்டிலுள்ள தர எழுத்து இதில் இல்லை என்றேன். இனிமேல் அவர் எது தந்தாலும் 'நன்றி, வேண்டாம்' என்று இத்தாலிய மொழியில் சொல்லப் பழகு என்றும் சொன்னேன். மேரி முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லிக் குடுக்கிற நீங்கள், அவ வேலைக்கு வேண்டாம் எண்டால் என்ன சொல்லுறது எண்டும் சொல்லித் தாங்கோ அண்ணை."

வயதானவருக்குத் தடித்த ஸ்வெட்டர்

முத்துசாமிக்கு என் தமிழ் அரைகுறையாகத்தான் விளங்கும்; அவருடைய கிரியோல் எனக்கு விளங்கவே விளங்காது. ஆகவே இருவரும் உடைந்த இத்தாலிய மொழியில் சண்டை பிடிப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் காரை எடுத்து, மலையிலுள்ள சாந்தா ரோசாலியா என்ற புனிதையின் குகைக்கோவிலுக்குக் குடும்பத்தோடு போவார். கத்தோலிக்க வேதக்காரர் நாங்கள் போகிறோமோ இல்லையோ, சைவக்காரர் அவர் தவறுவதில்லை. மலை ஏறும்போது எஞ்சின் இரைகிறது என்று, இருக்கிற ஒயிலுக்குள்ளேயே மிகத் தடித்த ஒயிலைத் தானாக வாங்கிச் சேர்த்துவிட்டார்.

சத்தம் கேட்காவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றேன். காலையில் எஞ்சினைத் தட்டி எழுப்பியதும் ஒயில் மேலே உள்ள பாகங்களுக்கு ஓடிப் போக வேண்டும். களி மாதிரி இருந்தால் அது போய்ச் சேருவதற்குள் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துவிடும். தேய்ந்த காரை விற்கிற கள்வர்கள்தான் சத்தத்தை அமத்த இந்த வேலை செய்வார்கள் என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் துளியும் கோபிக்கவில்லை. என் தோளில் தட்டிச் சொன்னார்:

"தோழரே, வயதானவனுக்குத் தடித்த ஸ்வெட்டர் போடுகிறோம், நீங்களும் ஒன்று போட்டிருக்கிறீர்கள்."

அறிக்கை

நாலு வீடு, நாலு கொள்கை, ஒரு எஞ்சின். இதைப் பொறுத்துக்கொண்டிருந்தால் நான் நானல்ல. ஒரு சனிக்கிழமை காலை நானே காருக்குக் கீழே படுத்து, உள்ளே இருந்த கலவையெல்லாவற்றையும் வடித்தேன். கறுத்து, மணத்து, ஒரு குற்றப்பத்திரிகை மாதிரிப் பாத்திரத்தில் விழுந்தது. புது வடிகட்டி போட்டு, பத்து-நாற்பது, பாதி செயற்கை ஒயிலை அளந்து ஊற்றினேன். வடித்ததைக் கடையின் கழிவுத் தொட்டியில் சேர்த்தேன்.

பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் நாலு வீட்டாரையும் இருத்தி, எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். முதலாவது: இந்தக் காருக்கு இந்த ஒரே ஒயில்தான், அதை என்னிடமே வாங்க வேண்டும். இரண்டாவது: கனடாவோ சிஞ்ஞோராவோ இதில் தலையிட முடியாது. மூன்றாவது: காரின் திறப்பை எடுக்கிற ஒவ்வொருவரும், எடுக்கிற ஒவ்வொரு முறையும், ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும், மேல் கோட்டுக்குக் குறைந்திருந்தால் குறைந்ததை ஊற்ற வேண்டும். நாலாவது: சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் எந்த இடமென்றாலும் அந்தக் கணமே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. பிரதியை டாஷ்போர்ட்டில் ஒட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் பிலோமினா சொன்னாள்:

"கலியாணம் கட்டி முப்பத்தொரு வருஷம், எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன், காருக்கு நாலு பந்தி எழுதியிருக்கிறார்."

மீன் வான்

அடுத்த மூன்று வாரம் எனக்குப் பொற்காலம். மேரி வந்து பத்து-நாற்பது ஒரு போத்தில் வாங்கினாள். முத்துசாமி வாங்கினார். பிலோமினா வீட்டுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னாள். யேசுதாசன்கூட, போனை நீட்டாமல், வந்து வாங்கினான். கட்டுப்பாடான உறுப்பினர்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு காருக்கு எதற்கு நாலு போத்தில் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாலாவது வாரம், ஒரு செவ்வாய் காலை, பிலோமினா எனக்குப் போன் எடுத்தாள். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் பாதி வழியில் கார் நீலப் புகையைக் கக்கியிருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னியதும், ஓட்டிக்கொண்டிருந்த யேசுதாசன் "இன்னும் கொஞ்சம்தானே, போய்ச் சேர்ந்திடலாம்" என்று மிதித்திருக்கிறான். இவள் டாஷ்போர்ட்டைக் கையால் அடித்து "நாலாவது! நாலாவது!" என்று கத்தியதில்தான் நிற்பாட்டியிருக்கிறான். கார் நின்றுவிட்டது. மூன்று பெண்களும் தெருவில். அது மூன்றாம் தரம்.

நான் பஸ்ஸில் ஓடினேன். வழி முழுக்க யாரைக் குற்றம் சாட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ரொறன்ரோ முதலாவது. போய் இறங்கியபோது யேசுதாசன் மட்டும் நின்றான். காரைத் தள்ளிச் சமதரையில் விட்டிருந்தான். பெண்கள் எங்கே என்றேன். அதே பாதையால் வந்த மீன் வானை மேரி நடுத்தெருவில் நின்று மறித்து, மூவரும் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் ஏறிப் போய்விட்டார்களாம். மீன் வந்து நிற்கும்போது அவர்கள் நிற்க வேண்டும் என்பதுதானே சட்டம். மீனோடேயே இறங்கியவர்களை என்ன சொல்வது? முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தானாம், ஐஸ் ஒட்டிய அவர்களுடைய பாவாடைகளைப் பார்த்தானாம், பிறகு பிலோமினாவிடம் இப்படிச் சொன்னானாம்:

"இன்றைக்கு மீனைப் போலவே நீங்களும் புதுசாகத்தான் வந்திருக்கிறீர்கள், உள்ளே போங்கள்."

விசாரணை

எஞ்சின் ஆறியதும் கம்பியை இழுத்தேன். ஒயில் மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது. ஒரு லீற்றருக்கு மேல் அதிகம். அவ்வளவு நிரம்பினால் உள்ளே சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரைக்கு எதையும் காக்கத் தெரியாது. நல்ல ஒயில்தான், சரியான ஒயில்தான், அளவுதான் இல்லை. நேரத்துக்கு நிற்பாட்டியதால் எஞ்சின் தப்பியது.

வடித்துச் சரிப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று பின்னேரமே நாலு வீட்டாரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். உள்ளதைச் சொன்னால், தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரணைக்கு வந்தேன். யார் களவாக ஊற்றியது என்றேன். நாலு பேரும் நாலு போத்தில்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலும் பத்து-நாற்பது. நாலும் என் கையால் கொடுத்தது. ஒவ்வொருவரும், மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதென்று, சத்தமில்லாமல் குறைந்ததை ஊற்றியிருக்கிறார்கள்.

"குறையேல்லையே! எங்கை வைச்சுப் பார்த்தனீங்கள்?" என்று கத்தினேன்.

யேசுதாசன் கையைக் காட்டினான். இந்த நகரத்தில் எல்லோரும் விடுகிற மாதிரி, எங்கள் கார் இரண்டு சில்லு நடைபாதையிலும் இரண்டு சில்லு தெருவிலுமாகச் சாய்ந்து நின்றது. அப்படி நின்றால் ஒயில் மற்றப் பக்கம் ஒதுங்கிவிடும். கம்பி எப்போதும் குறைவென்றே காட்டும். போதாததற்கு வேலையால் வந்து எஞ்சினை நிற்பாட்டிய கையோடு பார்த்திருக்கிறார்கள். மேலே போன ஒயில் இறங்கவே பத்து நிமிடம் வேண்டும். நான் டாஷ்போர்ட்டிலிருந்து அறிக்கையைப் பிய்த்தெடுத்து மூன்றாவது பந்தியை வாசித்தேன். பிறகு முழு அறிக்கையையும் வாசித்தேன். கனடாவைப் பற்றி இருந்தது. சிஞ்ஞோராவைப் பற்றி இருந்தது. சமதரை என்ற சொல் எங்கேயும் இல்லை. மேரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி துளியும் இல்லாமல் சொன்னாள்:

"நீங்கள் எழுதியிருந்தால் காரைக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சமனா நிப்பாட்டிப் பார்த்திருப்பம் அண்ணை."

நாற்பது வருடமாக என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒரேயொரு முறை நாலு வீடும் எழுத்துப் பிசகாமல் கேட்டது, அன்றைக்குத்தான் எஞ்சினுக்கு மூச்சடைத்தது.