கலைமானைக் கண்டவன்

எண்பதுகளின் பின்பகுதியில் நானும் ஒரு நண்பனும் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் என்ற இடத்தில், இறைச்சிக்கடைக்கு மேலே இருந்த அறையொன்றில் குடியிருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ஒரே பண்டகசாலையில் பெட்டி தூக்கினோம். அவன் கதைக்காரன். அவன் பேசத் தொடங்கினால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைத் தட்டில் வைத்தபடியே கேட்பார்கள். நான் பேசுவது குறைவு.

ஸ்கொட்லாந்து மலைகளுக்கூடாக நூறு மைலுக்குக் கிட்ட ஒரு நடைபாதை இருப்பதை நூலகப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். அவனிடம் சொன்னேன். ஒரு வருடமாகத் திட்டம் போட்டோம். பழைய கூடாரம், முதுகுப்பை, சப்பாத்து எல்லாம் சேர்த்தோம். புறப்பட வேண்டிய காலையில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நான் வரேல்லை, மச்சான்."

"ஏன், என்ன நடந்தது?"

"காட்டுக்கை கிடந்து சாகவோ இஞ்சை வந்தனாங்கள்? நீ போட்டு வா."

பயந்துவிட்டான் என்று விளங்கியது. எனக்கும் பயம்தான். அதனால் அவனைக் கோபிக்கவில்லை. தனியாக ரயிலேறினேன்.

முதல் மூன்று நாளும் மழை. ஏரிக்கரையோரம் வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஏறி இறங்கியதில் இரண்டு குதிக்கால்களும் கொப்பளித்துவிட்டன. காட்டாடுகள் கண்ணில் படுமுன்பே மூக்கில் பட்டன. பாண் ரொட்டியையும் பையையும் ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளப் போனேன். திரும்பி வந்தபோது தாடி வைத்த கிடாயொன்று பாணைக் கடதாசியோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. எதிரே நடந்து வந்தவர்கள் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். லண்டன் என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு மரமும் இல்லாத சதுப்புவெளி. அங்கேதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். கன்று போட முடியாத மாடு கத்துவது போலிருந்தது. ஒரு பக்கம் கத்த மறுபக்கமிருந்து பதில் வந்தது. அது கலைமான்கள் இணைதேடும் காலம் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் செங்குத்தான மலையொன்றில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. மூடுபனிப் புகார் இறங்கி, என் சப்பாத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்று அடித்துப் புகார் விலகியபோது பாதைக்குக் குறுக்கே கலைமான் நின்றது. பத்தடிகூட இராது. கழுத்து மயிரெல்லாம் சேறு. ஒரு கொம்பில் புல் சுற்றியிருந்தது. அது தலையை நிமிர்த்திக் கத்தியபோது மூச்சு ஆவியாக வந்தது. என் நெஞ்சுக்குள் எலும்பு அதிர்ந்தது. ஓடத் திரும்பினேன். கணுக்கால் பிசகி, பையோடு சேற்றில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. "அம்மா" என்று அழுதேன். "என்னை விட்டிடு" என்று அந்த மிருகத்திடம் தமிழில் கெஞ்சினேன். அது என்னைப் பார்த்தது. பிறகு, அங்கே ஒருவருமே இல்லாதது போலச் சரிவில் இறங்கிப் போனது.

நொண்டி நொண்டித்தான் நடந்து முடித்தேன். திரும்பி வந்ததும் நண்பனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அழுததையும். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். வழியில் நான் எடுத்த படங்களைக் கேட்டான், முழுவதையும் கொடுத்தேன். பிறகு அவன் கல்யாணம் கட்டி ரெய்னர்ஸ் லேன் பக்கம் போய்விட்டான். நானும் கட்டி, கிழக்கு லண்டனிலேயே பார்க்கிங் என்ற ஊரில் இருந்தேன். அந்த நடையைப் பற்றி மனைவிக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தெரிந்தவர் ஒருவரின் மகள் ஆடுகிறாள் என்று ஹரோவில் ஒரு தமிழ்ப் பள்ளி விழாவுக்குப் போனோம். பிள்ளைகளுக்குத் துணிவு பற்றிப் பேச மேடையேறியவன் என் நண்பன். பக்கத்துப் பலகையில் நான் எடுத்த படங்கள். ஆடுகள், சதுப்பு, தூரத்து மான் கூட்டம்.

அவன் அருமையாகச் சொன்னான். அவனுடைய கதையில் கலைமான் முன்னால் வந்தபோது அவன் அசையவில்லை. கண்ணோடு கண் பார்த்தான். மான்தான் பின்வாங்கியது.

"என்னோடை வாறன் எண்ட சிநேகிதன் கடைசி நேரம் பயந்து நிண்டிட்டார்" என்றான். என்னைக் கண்டுவிட்டான். கொஞ்சமும் தடுமாறவில்லை. "அந்தா, பின்னாலை இருக்கிறார்."

மண்டபம் முழுக்கத் திரும்பிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

கார் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன்.

"அது ஆருடைய கதை?"

"பிள்ளையளுக்குச் சும்மா சொன்னனான். நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே. உனக்குள்ளை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

"என்னை ஏன் வராதவனாக்கினனீ?"

அவன் கார்ச் சாவியைத் தேடி எடுத்தான். "வராதவன் ஒருத்தன் இருந்தால்தான் கதை எடுபடும், மச்சான்."

அதுதான் எங்களுடைய கடைசிப் பேச்சு.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள்: "நீங்களும் அவரோடை போயிருக்கலாமே. ஏன் பயந்தனீங்கள்?"

"போனது நான். அவன்தான் வரேல்லை."

"படங்களிலை நீங்கள் ஒண்டிலையும் இல்லையே."

"தனியப் போனவனை ஆர் படம் எடுக்கிறது?"

"சரி, விடுங்கோ. மற்றவைக்கு முன்னாலை இதைச் சொல்லிப்போடாதேங்கோ. பொறாமையிலை கதைக்கிறியள் எண்டு நினைப்பினம்."

அவள் குத்திச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

அடுத்த இலையுதிர்காலம் மறுபடியும் போனேன். அந்த ஒரு மலைக்கு மட்டும். வானம் வெளித்திருந்தது, பாதை நிறைய ஆட்கள். தூரத்தில் எங்கோ ஒரு மான் கத்தியது. நின்று கேட்கவில்லை. உச்சிக்குப் போய், கமராவை நீட்டக்கூடிய முகமாக ஒன்றைத் தேடினேன். ஒரு ஜெர்மன்காரி எடுத்துத் தந்தாள். படத்தில் முகம் இறுகி, யாரோடோ வழக்காட வந்தவனைப் போல நிற்கிறேன். பின்னால் மலை தெளிவாகத் தெரிகிறது. அதை மனைவியிடம் காட்டவில்லை. உறையிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன், கிழித்தேன்.

அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை.