சினையும் பாலும் இருந்த மணலை மீன்

மீனின் வயிற்றை இரண்டு விரலால் தடவி, சினை மீனா இல்லையா என்று சொல்லிவிடுவேன். எழுத்தைத்தான் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். மீனுக்கு அது தேவையில்லை. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் இதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இளைய மகளின் மாப்பிள்ளை நிந்தவூர்க்காரர், சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறார். வந்த புதிதில், மீன் முட்டையைப் பொரிக்கிற சினைப் பொரியல் என்றால் அவருக்கு உயிர் என்று மகள் சொன்னாள்.

"நாளைக்கிப் பகல் சோத்துக்கு நான் தாறன் மகன்," என்று வாக்குக் கொடுத்தேன். மகள் அதை அன்றைக்கே தன் மாமியாருக்கும் சொல்லிவிட்டாள். இனிப் பின்வாங்க ஏலாது.

மறுநாள் மீன்காரர் களப்பில் பிடித்த மணலை மீன் கொண்டுவந்தார். ஒன்றைத் தடவினேன். வயிறு கல்லுப்போல இருந்தது.

"இது பொட்டை. சினை நிறைஞ்சிரிக்கி."

"ராத்தா சொன்னா மறுபேச்சில்ல," என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மருமகன் பார்த்திருக்கவே வெட்டினேன். உள்ளே ஆண் மீனின் வெள்ளைப் பால் பை.

"என்ன மாமி, பொட்டைக்கு மீசை முளைச்சிரிக்கி?"

"பொறுங்க மகன்," என்று பையைக் கீறினேன். வெள்ளைக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் சினை. என் வயதுக்கு நான் காணாத மீன்.

மூத்த மகள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எட்டிப் பார்த்தாள்.

"இது ஆண் மீன்தான் உம்மா. வயலுக்கு அடிக்கிற மருந்து, சோப்புத் தண்ணி, இதுகள்ல சிலது மீன்ட உடம்புக்குள்ள போய்ப் பெண் சுரப்பு மாதிரி வேலை செய்யும். அப்ப ஆணுக்குள்ளயும் முட்டை வரும். இந்த மீனுக்கும் அதுதானெண்டு சோதிக்காமச் சொல்ல ஏலா."

எனக்கு அவ்வளவு போதும். "கேட்டீங்களா மகன்? என்ட விரல் பிழைக்கல்ல. ஒங்கட வயல் மருந்துதான் வாய்க்காலால வந்து மீனக் குழப்பியிரிக்கி."

"மாமி உடுப்புக் கழுவி ஊத்துற தண்ணி எங்க போகுது? மக்கத்துக்கா?"

மகள்மார் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது?

அந்த மீனை எறிந்துவிட்டுக் கோழி முட்டை பொரித்து வைத்தேன். மருமகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய உம்மா போன் எடுத்தார். சினைப் பொரியல் எப்படி என்று கேட்கத்தான்.

"மாமிட கைக்கு ஈடில்ல உம்மா," என்றார் மருமகன், வாய் நிறைய முட்டையோடு.

அவர் இப்போது மருந்து டாங்கியை வாய்க்காலில் கழுவுவதில்லை. நானும் சோப்புத் தூளைக் குறைத்துவிட்டேன். மீன்காரர் வந்தால் இன்றும் என்னைத்தான் கேட்பார். தடவிப் பார்த்து, "பொட்டைதான்," என்பேன். பிறகு, "இன்ஷா அல்லாஹ்" என்றும் சேர்த்துக்கொள்வேன்.