நூற்றுக்கு முப்பத்திரண்டு

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வக டெக்னீஷியன் சிவசங்கரி, சதை சீவும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவார். தீப்பெட்டியளவு மெழுகுக் கட்டி. அதற்குள் வெள்ளை நூல் துண்டுபோல் ஒரு சதை. கத்தியில் பட்டுப் பட்டு அது நாடாவாக இறங்கும். வெங்காயச் சருகு அதற்கு முன்னால் கம்பளி. காற்றடித்தால் பறந்துவிடும் என்பதால் திருப்பதியின் சித்திரை வெயிலிலும் அந்த அறையில் மின்விசிறி ஓடாது. யாராவது முணுமுணுத்தால், "பேன் போட்டீங்கன்னா நானு ஊட்டுக்குப் போறேன், நீங்களே அறுத்துக்கினு இருங்க" என்பார்.

நாடாவை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, மருந்தைச் சொட்டவிடுவார். பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் இருக்கும் ஒரு புரதம் அதில் பழுப்பாகும். மற்ற செல்கள் நீலம். நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்பதுதான் கணக்கு. எண்ணிக்கை ஏறினால் புற்றுநோய் வேகமாக ஓடுகிறது என்று பொருள். எண்ண வேண்டியவர் டாக்டர் கோபிகிருஷ்ணன். ஆனால் அவர் வருவதற்குள் சிவசங்கரி ஒரு தடவை எண்ணிவிடுவார். டாக்டர் பன்னிரண்டு என்றால், "பதிமூணு சார். மூலையில ஒண்ணு ஒளிஞ்சிக்கினு இருக்குது" என்பார். டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி குனிவார்.

சிவசங்கரியின் மேஜைக்கு அதிகம் வருவது ஆண்களின் ப்ராஸ்டேட் சுரப்பியில் எடுத்த சதைதான். "இந்த ஆம்பிளைங்க வாயே தொறக்க மாட்டாங்க. முத்திப்போன அப்புறம்தான் வருவாங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். நோயாளியின் பெயரை மட்டும் படிக்கமாட்டார். எண் போதும். "பேரு தெரிஞ்சா கை ஆடும்பா."

கணவர் மோகன்ராஜ் கார்வேட்டிநகரத்துக்காரர். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்த தொண்ணூறுகளில் குவைத்துக்கு வண்டி ஓட்டப் போனவர், போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பினார். இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. "இப்பதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு" என்று ஐம்பத்து மூன்று வயதில் சொல்லிவிட்டு வெட்கப்படுவார் சிவசங்கரி.

சென்ற மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிரியங்கா பென்சிலுக்குப் பதில் பேனாவால் ஸ்லைடுகளில் எண் எழுதிவிட்டாள். கழுவும் திரவத்தில் ஒன்றின் எண் அழிந்துபோனது. அதைச் சிவசங்கரி எண்ணி முடித்திருந்தார். நூற்றுக்கு முப்பத்திரண்டு. "அடப் பாவமே, இந்த மனுசனுக்கு யாரு கீறாங்களோ" என்றுகூடச் சொல்லியிருந்தார்.

யாருடையது என்று பார்க்க, மற்ற ஸ்லைடுகளுக்கெல்லாம் பொருத்தியதுபோக மிச்சமிருந்த ஒரே படிவத்தை எடுத்தார். சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மோகன்ராஜ், ஐம்பத்தொன்பது, கார்வேட்டிநகரம். கீழே ஒரு செல்போன் எண். தினமும் மத்தியானம் "துன்னீங்களா?" என்று கேட்க இவர் கூப்பிடும் எண்தான்.

பாஸ்போர்ட் வேலை என்று சொல்லிவிட்டு மனுஷன் இரண்டு நாள் சித்தூர் போனது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. துண்டு இந்த மேஜைக்குத்தான் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். டாக்டர் வந்து எண்ணி முப்பத்தொன்று என்றார். சிவசங்கரி திருத்தவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மோகன்ராஜ் குளியலறையில் இருந்தார். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். ஒன்றுக்குப் போனால் குழாயைத் திறந்துவிடுவார். இரண்டு நாளைக்கொரு தரம் தண்ணீர் வரும் தெருவில் இதென்ன ஊதாரித்தனம் என்று இவரும் சண்டை போட்டிருக்கிறார். சொட்டுச் சொட்டாகப் போவது பெண்டாட்டி காதில் விழக் கூடாது என்றுதான் ஓடவிட்டிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது. தோள் பையைக்கூட இறக்காமல் கதவோரம் போய் நின்றார்.

"ஏங்க, கொழாய மூடுங்க. எனக்குத் தெரியும். சித்தூர்ல எடுத்தத நாந்தான் அறுத்தேன்."

வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே குழாய் மூடும் சத்தம் கேட்டது.